கேட்டுக்கு வெளியே நின்ற ரம்பம்

சனிக்கிழமை காலை நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. பழைய மோட்டார் சைக்கிள் என்ஜினில் நாங்கள் செய்த ரம்பம் கட்டையை அறுக்கும் அந்த நாற்பது நொடிக் காணொளியை உங்களில் பெரும்பாலானோர் பார்த்துவிட்டீர்கள், சிலர் அதை எனக்கே அனுப்பி, "இது நீங்கள்தானா சார்?" என்று விசாரித்தும் விட்டீர்கள். நான்தான். காது அடைப்பான் மாட்டிக்கொண்டு கட்டையின் முன் குனிந்து நிற்பவன் நான்; கயிற்றை இழுப்பவர் என் மைத்துனர். 'மரக்கொலைகாரர்கள் கல்லூரிக்குள் வருகிறார்கள்' என்று யாரோ தலைப்புப் போட்டதைப் பார்த்து மிரண்டு, மூன்று வாரத்துக்கு முன் தாங்களாகவே அழைத்த தொழில்நுட்ப விழாவின் வாசலில் எங்களைத் திருப்பி அனுப்பிய கல்லூரியின் பெயரை நான் எழுத மாட்டேன், பின்னூட்டத்தில் நீங்களும் எழுத வேண்டாம். தடுத்தார்கள் என்ற வருத்தத்தைவிட, தடுத்தவர்களில் ஒருவர்கூடக் குட்டியானை வண்டியின் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லையே என்ற வருத்தம்தான் எனக்குப் பெரிது. பார்த்துவிட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அப்படி என்னதான் இருந்தது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பீர்கள். 1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் ஸ்டில் டிம்பர்ஸ்போர்ட்ஸ் என்ற மரம் வெட்டும் விளையாட்டுப் போட்டிகளில் 'ஹாட் சா' என்றொரு பிரிவு உண்டு. 46 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டையில் முனையிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டாமல், மேலிருந்து கீழாக ஒன்று, கீழிருந்து மேலாக ஒன்று, மீண்டும் மேலிருந்து கீழாக ஒன்று என்று மூன்று முழு வட்டத் துண்டுகளை அறுத்துத் தள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் செயின் ரம்பம் அங்கே செல்லாது. பனியில் ஓடும் ஸ்னோமொபைல், நீரில் ஓடும் ஜெட் ஸ்கீ போன்றவற்றின் டூ ஸ்ட்ரோக் என்ஜினை எடுத்துப் போட்டியாளர்கள் தாங்களே அமைத்துக்கொள்ளும் ரம்பங்கள் அவை. எடை 27 கிலோ அளவில் இருக்கும், சங்கிலி மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஓடும்.

சென்னையில் பனியும் இல்லை, ஸ்னோமொபைலும் இல்லை. ஆனால் பழைய வண்டி உதிரிபாகங்களின் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே எடைக்கு வந்து கிடந்த ஒரு யெஸ்டி மோட்டார் சைக்கிள் என்ஜினை நானும் மைத்துனரும் தூக்கிவந்தோம். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996 வரை தயாரித்த, 250 சிசி வகை, ஒற்றை சிலிண்டர் என்ஜின் அது. யெஸ்டி ரோட்கிங் வண்டியில் 16 குதிரைத்திறன் கொடுத்தது. பெரிய தொழில்முறை ரம்பம் ஒன்றின் திறன் ஏழு குதிரைத்திறனைச் சுற்றித்தான் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், எங்களுக்கு ஏன் கை அரித்தது என்பது புரியும். யெஸ்டியில் கியர்பாக்ஸும், பிஸ்டன் சுழற்றும் கிராங்கும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. பின்பாதியை வெட்டி எறிந்து, வெட்டிய வாயை அலுமினியம் வெல்டிங்கால் மூடி, கிராங்க் தண்டின் முனையில் நேரடியாகப் பல்சக்கரம் பொருத்துவதற்கே எங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

பல்சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ரம்பத்தின் என்ஜின் நிமிடத்துக்கு பத்தாயிரம் சுற்றைத் தொடும், ஆகவே அதற்கு ஏழு பல் போதும். யெஸ்டி அந்த வேகத்துக்கு வராது, ஆனால் இழுவை அதிகம். எனவே பதினான்கு பல் வைத்தோம். 6,000 சுற்றில், பெரிய ரம்பங்களில் வரும் 0.404 அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி) சங்கிலி நொடிக்கு 28 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும் என்பது காகிதத்தில் போட்ட கணக்கு. அதை டாக்கோமீட்டர் என்ற சுற்றுவேகமானி வைத்துச் சரிபார்த்தோம். இந்தக் கணக்கைத்தான் அந்த மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்ட ஆசைப்பட்டேன். (ரம்பம் போடுகிறேன் என்று நினைப்பவர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன்.)

சரி, ஏச்சுகளுக்கு வருகிறேன். முதலில் மரம். நாங்கள் அறுப்பது திருவள்ளூர்ப் பக்கம் ஒரு விவசாயி விற்பனைக்கென்றே நட்டு வளர்த்து வெட்டிய மலைவேம்பு. எங்களிடம் வராவிட்டால் அது பிளைவுட் ஆகப் போயிருக்கும். ஒரு நாள் பயிற்சிக்கு ஒன்றரை மீட்டர் கட்டை போதும், அறுத்த வட்டங்கள் டீக்கடை அடுப்புக்குப் போகின்றன. 'மரக்கொலை' என்று தலைப்புப் போட்டவர் வீட்டுக் கதவு எந்த உலோகத்தில் செய்யப்பட்டிருக்கிறது என்பதை அறிய விரும்புகிறேன். இதற்கு மேல் இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வது எனக்கு மரியாதையாகத் தோன்றவில்லை.

அடுத்தது புகையும் சத்தமும். டூ ஸ்ட்ரோக் என்ஜின் பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும். எரியாத கலவையில் ஒரு பங்கு நேராக வெளியே போகும். அதனால்தான் அது நம் சாலைகளிலிருந்து விடைபெற்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ரம்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மொத்தமாக ஓடுவது நான்கு நிமிடம்கூட இருக்காது. 2024இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 கார்கள் ஓடியபோது நகரமே வேலிக்கு வெளியே நின்று படம் பிடித்தது. நானும் நின்றேன், ரசித்தேன். கார் போட்ட சத்தம் விளையாட்டு, நாங்கள் போட்டால் தொல்லை.

2016 டிசம்பர் 12 உங்களுக்கு நினைவிருக்கும். வர்தா புயல் ஓய்ந்த மறுநாள் காலை எங்கள் தெருவில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களும் ஒரு குல்மோஹரும் குறுக்கே கிடந்தன. மின்சாரம் இல்லை, தண்ணீர் லாரி உள்ளே வர வழியில்லை, ஏடிஎம்மில் நோட்டும் இல்லாத டிசம்பர் அது. மாநகராட்சி ஆட்கள் ஆயிரக்கணக்கான மரங்களுக்கு நடுவில் எந்தத் தெருவுக்கென்று முதலில் போவார்கள்? என்னிடமும் மைத்துனரிடமும் பழைய செயின் ரம்பம் ஒன்று இருந்தது. மூன்று நாள் அறுத்தோம். மாடியிலிருந்து காபி வந்தது, "தம்பி, எங்கள் வாசலையும் கொஞ்சம் பாருங்கள்" என்று ஆள் வந்தது, காலை ஆறு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். அன்றைக்கு அது காதைக் கிழிக்கவில்லை. அதே மாடியிலிருந்துதான் இந்த வாரம் அந்தக் காணொளி குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், முகம் சுளிக்கும் பொம்மையோடு, பகிரப்பட்டது. கூலி கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆபத்து என்ற வாதத்தை மட்டும் என்னால் தட்டிவிட முடியவில்லை. சங்கிலி சுற்றி ஓடும் இரும்புச் சட்டத்தின் மூக்கில் மேல்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் துள்ளி முகத்துக்கு வரும். கீழிருந்து மேலாக அறுக்கும்போது சங்கிலி முழு ரம்பத்தையும் நம்மை நோக்கித் தள்ளும். எங்களுடையதில் கிளட்ச் இல்லாததால் என்ஜின் கிளம்பிய நொடியே சங்கிலியும் ஓடும். மரம் அறுப்பவர்கள் அணியும் பாதுகாப்புக் கால்சட்டைக்குள் நார் அடுக்குகள் இருக்கின்றன. சங்கிலி பட்டதும் அவை பிய்ந்து பல்சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்த வேண்டும். அவற்றை நொடிக்கு 20, 24, 28 மீட்டர் என்ற சங்கிலி வேகங்களில் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். மேலே நான் பெருமையாகப் போட்ட கணக்கை மறுபடி பாருங்கள், நாங்கள் அந்த அட்டவணையின் கடைசி வரியைத் தாண்டி நிற்கிறோம். கால்சட்டையை அணிகிறோம், நம்பவில்லை. அறுக்கும்போது பத்து மீட்டருக்குள் ஆள் கூடாது என்று கயிறு கட்டுகிறோம். இவ்வளவுதான் என் பதில். போதாது என்பவர்களோடு சண்டையிட மாட்டேன். ஆனால் கல்லூரியில் நாங்கள் அதை ஓட்டுவதாகவே இல்லை. சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொண்டுபோனோம். தார்ப்பாயைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

உண்மையில் என்னைச் சுட்டது காணொளியே இல்லை. அன்று பிற்பகல் விழா ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, இது இன்ஜினியரிங் இல்லை, பட்டறை வேலை" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினின் உயிர் அதன் சைலன்சர் குழாயில் இருக்கிறது. புகை வெளியேறும்போது கிளம்பும் அழுத்த அலை, விரிந்து சென்று குறுகும் கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையைச் சரியாகப் புகைவாசல் அடைபடும் முன் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ள வேண்டும். கூம்பு சில சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும் அலை வரும் நேரம் மாறிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் பொறியாளர் வால்டர் காடன் 1950களில் வருடக்கணக்கில் உட்கார்ந்து இதைப் பிடித்தார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் தப்பி ஓடிச் சுஸுகியில் சேர்ந்ததும், அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்குப் போனது. ஒரு தகரக் குழாயின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு. காடன் செய்தால் அது இன்ஜினியரிங். புதுப்பேட்டையில் முப்பது வருடம் கடை வைத்திருந்த என் அப்பா, ஆர்எக்ஸ் 100 வண்டியின் சைலன்சரைக் காதால் கேட்டே எங்கே நீளம் கூடியிருக்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். அது பட்டறை வேலை. அவரிடம் வண்டி விட்டவர்களில் கல்லூரிப் பேராசிரியர்களும் உண்டு. அவர்கள் அவரை "என்னப்பா" என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் ரம்பத்தின் குழாய் அவர் விட்டுச்சென்ற தகர அச்சுகளை வைத்து, ஏழு முறை வெட்டி ஒட்டியது. நான் டிப்ளமோ படித்தவன், எனக்கு விருது வேண்டாம், மேடையில் நாற்காலியும் வேண்டாம். ஐந்து நிமிடம் குனிந்து பார்த்திருக்கலாம்.

வாசலில் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் தார்ப்பாயை விலக்கியவர் ஒருவர் உண்டு, கேட்டில் நின்ற செக்யூரிட்டி அண்ணன். குளிர்விப்புத் தகடுகளைப் பார்த்ததுமே, "யெஸ்டிதானே?" என்றார். பத்து வருடம் வைத்திருந்தாராம். கிக்கரும் கியரும் ஒரே லிவராக இருக்குமே, அதை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார், வெட்டிய இடத்தைக் காட்டினேன். வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இதுக்கு ரெண்டு சைலன்சர் இருக்கணுமே சார், ஒத்தைதானே வெச்சிருக்கீங்க" என்றார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த விதத்தை விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்போ சத்தம் பயங்கரமா இருக்கும், உள்ள விடாததும் நல்லதுதான்" என்று சொல்லி, எங்கள் வண்டி பின்வாங்கத் தடுப்பை நகர்த்திவிட்டார்.