ஒலிம்பிக் கூட்டம் ஒரு சீசனுக்குத்தான்
பனித்தளத்தில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டம் ஒலிம்பிக்கில் சேர்ந்த பிறகுதான் உள்ளூர் கிளப்புகளுக்கு உயிர் வந்தது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 1998 நாகானோ ஒலிம்பிக்குக்குப் பிறகு இந்த ஆட்டம் பலர் கண்ணில் பட்டது உண்மைதான். ஆனால் கனடாவின் மான்ட்ரியல் கர்லிங் கிளப் தொடங்கியது 1807இல், ஸ்காட்லாந்தின் கர்லிங் தலைமைச் சங்கம் 1838இல். டிவி இல்லாமலே அவ்வளவு காலம் ஓடியிருக்கிறதே! கனடாவில் நான் ஆடும் கிளப்பிலும் ஒலிம்பிக் முடிந்த கையோடு ஒரு கூட்டம் வரும். இருபது கிலோவை நெருங்கும் கல்லைத் தள்ளிப் பார்த்துவிட்டு, முட்டி வலிக்கிறது என்று பலர் போய்விடுவார்கள். தங்குகிறவர்களைப் பிடித்து வைப்பது ஆட்டம் முடிந்த பிறகு உட்காரும் மேசை. ஜெயித்த அணிதான் தோற்ற அணிக்கு முதல் சுற்று பானம் வாங்கித் தர வேண்டும், இரண்டு அணியின் எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார வேண்டும். புதிதாக ஊருக்கு வந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'இது தாத்தாக்கள் கழகம்' என்று கிண்டலடித்திருக்கிறார். இருக்கட்டுமே! குனிய முடியாதவர்கள் நின்றபடியே கோலால் கல்லைத் தள்ளி ஆடலாம். வேறு எந்த ஆட்டம் இப்படி இடம் கொடுக்கிறது? எங்கள் கிளப்பில் முதுகில் தண்ணீர்க் கலனைக் கட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே பனித்தளத்தில் துளி தெளிப்பவரும் ஒரு தாத்தாதான், சம்பளம் கிடையாது. அந்தத் துளிகள் உறைந்து சிறு மேடுகளாக நிற்காவிட்டால் கல் பாதி வழியிலேயே நின்றுவிடும். அவருக்கு அடுத்து யார் என்பதுதான் எங்கள் கூட்டங்களில் இப்போது ஓடும் பேச்சு, அப்புறம் குளிரூட்டும் இயந்திரத்தின் கரண்ட் பில்.