எரித்த மரங்களை விட்டுவிட்டீர்கள்
அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் செர்ரிப் பூ விழாவின் கதையை உங்கள் கட்டுரையில் 1912-இல் ஜப்பான் தந்த மரங்களிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். சரி, ஆனால் 1910-இலேயே ஜப்பானிலிருந்து 2,000 கன்றுகள் வந்திறங்கின. பூச்சியும் நோயும் இருந்ததால் அத்தனையையும் எரித்துவிட்டார்கள். பரிசைக் கொளுத்தினால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் டோக்கியோ மேயர் யுகியோ ஒசாகி 1912-இல் மறுபடி 3,020 கன்றுகளை அனுப்பிவைத்தார். பெரிய மனசு! விழாவாக முறைப்படி கொண்டாடத் தொடங்கியது 1935-இல்தான். அப்புறம் இரண்டாம் உலகப் போரில் நின்றுபோய், 1947-இல் மீண்டும் நடந்தது. இதற்கெல்லாம் முன்னோடி அமெரிக்கப் பயண எழுத்தாளர் எலைசா சிட்மோர். அவர் பெயரை எப்படி விட்டீர்கள்? 1885 முதல் இந்த மரங்களை நடச் சொல்லி அதிகாரிகளிடம் நடையாய் நடந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் யாரும் காது கொடுக்கவில்லை. 1909-இல் அதிபரின் மனைவி ஹெலன் டாஃப்டுக்குக் கடிதம் எழுதிய பிறகே காரியம் நடந்தது.