ஜோர்டின் டைசனின் முழங்காலும் அவன் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருஷமும்

நான் இருப்பது சாண்ட்லர், அமெரிக்காவில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் மைதானம் இருக்கும் டெம்பிக்குப் பக்கத்து ஊர். சீசன் வந்துவிட்டால் சனிக்கிழமை கடைத்தெருவெல்லாம் மெரூன் சட்டைதான். அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வது என்கிற அளவில்தான் எனக்குப் பல வருஷம் தெரியும். உட்கார்ந்து பார்க்க வைத்தவன் ஜோர்டின் டைசன், அந்த அணியில் சட்டை எண் பூஜ்யம் போட்ட ரிசீவர், அதாவது முன்னால் ஓடிப்போய் வீசிய பந்தைப் பிடிப்பவன். "நல்லா ஆடுறான், ஆனா எப்பப் பார்த்தாலும் அடிபட்டுக் கிடக்கிறான்" என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால் இங்கே புலம்பல்.

2022-இல் அவன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு. 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த அணி அது. அதில் இருந்துகொண்டு 22 கேட்ச், 470 யார்டு, 4 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடப்பது). அக்டோபர் கடைசியில் எதிரணி உதைத்தனுப்பிய பந்து (பன்ட்) ஒன்றைப் பிடித்து 88 யார்டு ஓடி டச்டவுன் போட்டான். எதிரே நின்றது யார்? இதே அரிசோனா ஸ்டேட்! அடுத்த வாரமே ஓரிகன் ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. ஏசிஎல், எம்சிஎல், பிசிஎல் என்று மூன்று ஜவ்வும் கிழிந்திருந்தன.

நம் ஊரில் 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்றால் மாவுக்கட்டு, ஓய்வு, அப்புறம் மாடிப்படி ஏறும்போது மட்டும் வலி என்று முடிந்துவிடும். ரிசீவருக்கு அப்படி முடியாது. முழு வேகத்தில் ஓடிக்கொண்டே ஒற்றைக் காலை ஊன்றிச் சட்டென்று திரும்புவதுதான் அவன் பிழைப்பே. புதிதாக வைத்துத் தைத்த ஜவ்வு உடம்போடு ஒன்றிப் பலப்பட மாதக்கணக்காகும். ஏசிஎல் மட்டும் என்றாலே ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். இவனுக்குக் கிழிந்தது மூன்று ஜவ்வு. அதைவிடக் கஷ்டம், அந்தக் காலை மறுபடி நம்புவது.

அதற்குள் கொலராடோவில் டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்து அணியையே கலைத்துப் போட்டார். டைசன் அரிசோனா ஸ்டேட்டுக்கு மாறினான். வீரர்கள் காலேஜ் மாறப் பெயர் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்து காலேஜ் ஆட்டத்தையே கெடுத்துவிட்டது என்கிறார்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் ஓட முடியாத ஒரு பையனுக்கு இன்னொரு கதவு திறந்ததும் அதே போர்ட்டலால்தானே?

என்னைக் கேட்டால் முக்கியமான வருஷம் 2023. அரிசோனா ஸ்டேட்டில் கென்னி டில்லிங்ஹாமுக்கு அது தலைமைக் கோச்சாக முதல் வருஷம். 3 வெற்றி, 9 தோல்வி. அப்படித் தோற்றுக்கொண்டிருக்கும் கோச்சுக்குக் கை பரபரக்காதா, இருக்கிறவனை எல்லாம் இறக்கிப் பார்ப்போம் என்று? டைசன் ஆடியது மூன்றே ஆட்டம். நான்கு ஆட்டத்துக்குள் நின்றால், காலேஜில் ஆட அனுமதித்த வருஷங்களின் கணக்கில் அந்த வருஷம் சேராது என்ற விதியும் கைகொடுத்தது. திரும்பி வந்த வீரனின் மன உறுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், உட்கார வைத்தவரின் பொறுமையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

2024-இல் தாக்குதல் ஆட்டத்தை நடத்த மார்கஸ் அரோயோ வந்தார். ரிசீவர்களுக்குப் பயிற்சியாளராக ஹைன்ஸ் வார்டு. இந்த வார்டு, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் ஒரு காலில் ஏசிஎல்லே இல்லாமல் போய், அப்படியே ஆடி, தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் சிறந்த வீரர் பட்டம் (எம்விபி) வாங்கிய மனிதர். கிழிந்த முழங்காலோடு வந்த பையனுக்கு இப்படியொரு வாத்தியார்! எழுதி வைத்தாலும் இப்படி அமையாது.

அரோயோவின் ஆட்டம் பந்தைக் கையில் கொண்டு ஓடுவதை நம்பியது. கேம் ஸ்கட்டபோ அந்த சீசனில் 1,711 யார்டு ஓடினான். அவனைத் தடுக்க எதிரணி முன்னால் ஆளைக் குவிக்கும். ஓரத்தில் டைசனுக்கு எதிரே ஒற்றை ஆள்தான் மிஞ்சுவான். பந்தை ஸ்கட்டபோவிடம் கொடுப்பதுபோல் காட்டிவிட்டு பந்து வீசும் குவார்ட்டர்பேக் சாம் லெவிட் அந்த ஓரத்துக்கு வீசுவான். கான்சஸ் ஸ்டேட் ஆட்டத்தில் மட்டும் 12 கேட்ச், 176 யார்டு. சீசன் முழுக்க 75 கேட்ச், 1,101 யார்டு, 10 டச்டவுன். சீசன் தொடங்குமுன், தான் ஆடும் பிக் 12 என்ற காலேஜ் லீக்கின் கணிப்பில் கடைசி இடம் தரப்பட்ட அணி, அந்தக் கோப்பையையே தூக்கியது.

ஆனால் அந்தக் கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில் டைசன் இல்லை. முந்தைய வாரம் அரிசோனா பல்கலைக்கழக அணியை 49-7 என்று துவைத்த ஆட்டத்தில் காறை எலும்பு முறிந்தது. அவன் இல்லாமலே அயோவா ஸ்டேட்டை 45-19 என்று ஜெயித்தார்களே என்று ஆபீஸ்காரர் கேட்பார். உண்மைதான். ஆனால் 2025 புத்தாண்டு அன்று டெக்ஸஸுடன் பீச் பௌல், தேசியப் பட்டத்துக்கான காலிறுதி. அதிலும் டைசன் இல்லை. ஸ்கட்டபோ ஓடினான், பிடித்தான், பந்தை வீசிக்கூட ஒரு டச்டவுன் போட்டான். இரண்டாவது கூடுதல் நேரத்தில் 39-31 என்று தோற்றுப்போனோம். அன்றைக்கு ஓரத்தில் ஒரே ஒரு ஆள் குறைந்தது எனக்குத் தெரிந்தது. இது ரசிகனின் கண் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

2025-இல் தொடைத் தசையில் அடி. 9 ஆட்டம்தான், அதிலும் 61 கேட்ச், 8 டச்டவுன். ஆபீஸ்காரர் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை நான் வாயை மூடவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது, இரண்டு பேருக்கும்.