எதிர்மலைக்குக் கேட்கிற குரல்

எனக்குப் பிடித்த பாடகர்களில் யேசுதாஸ் என் முதல் ஐந்தில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டுகிறவர்கள் இத்தோடு திட்டிவிட்டுப் போகலாம். மற்றவர்கள் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், பதிவு கொஞ்சம் நீளம்.

நல்ல குரல் எது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்கு இனிமைதான் அளவு. தேன் என்பார்கள், குழைவு என்பார்கள். அந்த அளவில் யேசுதாஸை மிஞ்ச ஆளில்லை, சரி. ஆனால் எங்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பாட்டு என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற சாமான் இல்லை. அது தூரத்திலிருந்து வரும். மேல் டிவிஷன் கோயிலில் திருவிழா என்றால் மரத்தில் கட்டிய குழாய் லவுட்ஸ்பீக்கரின் வாய் பள்ளத்தாக்கைப் பார்த்து இருக்கும். விடியக் கருக்கலில் பாட்டைப் போட்டுவிடுவார்கள். காற்றுத் திரும்பினால் பாட்டும் கூடவே போய்விடும், பிறகு வரும். லயம் என்கிற வரிசை வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறவனுக்குப் பாடுவது யார், என்ன வரி என்று விளங்க வேண்டும். விளங்கினால் அது குரல். இல்லாவிட்டால் பனிக்குள்ளே ஏதோ முனகல், அவ்வளவுதான்.

அந்தக் குழாய் ஸ்பீக்கர் இரக்கமே இல்லாத பரீட்சகர். அடிக்குரலை அதனால் தரவே முடியாது, கீழ்ச் சத்தம் எல்லாம் குழாய்க்குள்ளேயே செத்துப்போகும். நடுவிலும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் உள்ள சத்தம் மட்டும்தான் வெளியே வரும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறக்குறைய அங்கேதான், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. மேல்நாட்டு ஒப்பரா பாடகர்கள் மைக் இல்லாமல் முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கேட்பதற்குக் காரணம், பயிற்சியில் அவர்கள் தொண்டை 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிச் சத்தத்தைத் திரட்டிக் கொடுப்பதுதான். நம்ம ஆட்களை யாரும் கருவி வைத்து அளந்தார்களோ இல்லையோ, டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும் எதிர்மலையிலிருந்து எழுத்துப் பிசகாமல் வந்து சேர்ந்ததற்கு என் காது சாட்சி.

பி.பி. ஸ்ரீனிவாஸ் வந்து சேரமாட்டார். பாவம், அது அவர் குற்றம் இல்லை. அவருடையது மைக்குக்கென்றே பிறந்த குரல், காதோரம் பேசுகிற குரல். ராத்திரி இலங்கை வானொலியில் ‘இரவின் மடியில்’ போகும்போது, பெட்டியின் சத்தத்தைக் குறைத்துத் தலைமாட்டில் வைத்துக் கேட்டால் அவருக்கு நிகர் கிடையாது. மைக் வருமுன்னே அப்படி ஒரு குரலை நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை கேட்டே இருக்காது. அந்தக் காலத்துக் கணக்கு வேறு. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தொண்டையை மட்டும் நம்பிக் கொட்டகையை நிறைத்தவர்கள். இலங்கைக்கு நாடகம் போட வந்த காலத்தில்தான் அவர்கள் ஜோடி சேர்ந்தார்கள் என்பதில் நமக்கும் ஒரு சின்னப் பெருமை.

என் பட்டியலில் முதல் ஆள் எல்.ஆர். ஈஸ்வரி. டி.எம்.எஸ். இல்லை, எஸ்.பி.பி. இல்லை, சுசீலாவும் இல்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். கிளப் டான்ஸ் பாட்டுக்காரி என்று அந்த அம்மாவை ஒரு மூலையில் உட்காரவைத்தது சினிமாவின் குருட்டுத்தனம். கோரஸ் பாடிக்கொண்டிருந்தவர். 1961இல் பாசமலரில் ‘வாராய் என் தோழி’ பாடினார். இன்றைக்கும் தலவாக்கலையில் கல்யாண மண்டபம் என்றாலும் தோட்டத்துப் பந்தல் என்றாலும், பெண்ணை அழைத்து வரும்போது அந்தப் பாட்டைப் போடாவிட்டால் யாராவது ஒரு மாமி சவுண்ட்காரனைத் தேடிப் போய்விடுவார். அதில் ஒன்றைக் கவனியுங்கள். தோழியைக் கேலி செய்கிற சிரிப்பு குரலிலேயே இருக்கும், ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு எழுத்தையும் தின்னாது. நாடகம் ஆடிக்கொண்டே சொல்லைச் சிந்தாமல் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம் என்று மேடையில் பாடிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். பிறகு அதே குரல் ஆடி மாதம் முழுக்க மாரியம்மனைக் கூப்பிட்டது. லூர்து மேரி என்ற பெயரோடு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் பாடித்தான் நம்ம தோட்டங்களில் பாதி அம்மன்களுக்குச் சாமி வந்தது. எழுபது வயதைத் தாண்டி 2011இல் மறுபடி ஒரு குத்துப்பாட்டைப் பாடினார். முதல் வரி வந்ததுமே எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாரும், “அட, ஈஸ்வரி!” என்றார்கள். ஐம்பது வருடம் கழித்தும் முகவரி மாறாத குரல்.

டி.எம்.எஸ்.ஸைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சிவாஜிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கனம், நம்ம கண்டிப் பக்கம் பிறந்த எம்.ஜி.ஆருக்குக் கொஞ்சம் மேலே தூக்கி ஒரு பளபளப்பு. கண்ணை மூடிக் கேட்டாலும் திரையில் யார் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு குறை, சின்னப் பையன்களாக வந்த பிற்கால நடிகர்களுக்கு அவர் பாடியபோது அப்பா வந்து பையனுக்குப் பதில் பெண் கேட்கிற மாதிரி இருந்தது. எஸ்.பி.பி. ஐந்தில் இருக்கிறார். அவரைப் பற்றி 2020 செப்டம்பரில் எல்லாரும் எழுதி அழுது முடித்தாயிற்று, விடுங்கள்.

மலேசியா வாசுதேவனைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. மலேசியாவில் பிறந்து, அங்கே நாடகம், மேடை என்று அலைந்து, பிறகு சென்னைக்குப் போனவர். அவர் குரலில் கொஞ்சம் மண் இருக்கும், கொஞ்சம் கரகரப்பு இருக்கும். வேலை முடிந்து வந்து முகம் கழுவாமல் பாடுகிற ஆள் மாதிரி. 1985இல் முதல் மரியாதையில் சிவாஜிக்குப் பாடினார். டி.எம்.எஸ். குரலையே சிவாஜியின் சொந்தக் குரல் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு முன்னால் இன்னொருவர் போய் நிற்பது லேசான காரியமா? யாருக்கும் உறுத்தவில்லை. வயதான அந்த மனுஷனுக்கு அந்தக் கரகரப்புத்தான் சரி என்று உடனே ஒத்துக்கொண்டோம்.

ஸ்வர்ணலதா ஐந்தாவது. கருத்தம்மாவில் பாடிய ஒரு பாட்டுக்கு அவருக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். எங்கள் அம்மாயிக்கு விருதெல்லாம் தெரியாது. “இந்தப் புள்ள அழாமலே அழ வைக்குது” என்பார். அதுதான் விஷயம். தேவையில்லாத ஒரு சங்கதி கிடையாது, விம்மல் கிடையாது, நேராகப் பாடிவிட்டுப் போய்விடும். 37 வயதில் போயே போய்விட்டார்.

யேசுதாஸ் ஏன் இல்லை என்பதற்கு அந்தமான் காதலிப் பாட்டு ஒன்றே போதும். திருக்கோயிலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட வேண்டிய இடத்தில் தெருக்கோயிலுக்குக் கூப்பிட்டுவிட்டார். நாற்பது வருடத்துக்கு மேலாக ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கிறது. உதித் நாராயண் 2002இல் ரன் படத்தில் ‘பரவாயில்லை’யைப் ‘பருவாயில்லை’ என்று பாடியது அதற்குத் தம்பி. ஆனால் இதில் பாடகரைவிட ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஹிந்திக்காரருக்குத் தமிழ் தெரியாது, நியாயம். உங்களுக்குமா தெரியாது?

இந்த இடத்தில் யாராவது குறுக்கே கேட்பீர்கள், அப்படியானால் வேற்றுமொழிக்காரர் பாடவே கூடாதா என்று. ஹட்டன் - கொழும்பு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். சாரதி போடுகிற பழைய சிங்களப் பாட்டுகளில் எச்.ஆர். ஜோதிபாலவுக்கு அடுத்தபடி அடிக்கடி வருவது மொஹிதீன் பேக். தமிழ்நாட்டில் சேலத்தில் பிறந்தவர், முஸ்லிம். புத்தருக்கு எடுக்கிற வெசாக் திருநாள் பந்தலில் அவர் பாடிய புத்தர் பாட்டு ஒலிக்காத வருடம் கிடையாது. அவர் சிங்களத்தில் வேற்றாள் சாயல் இருக்கிறது என்று சிங்கள நண்பர்களே சொல்வார்கள், சொல்லிக்கொண்டே கூடச் சேர்ந்து பாடுவார்கள். ஏனென்றால் சாயல் இருந்தாலும் ஒரு சொல்லாவது இன்னொரு சொல்லாகிவிடவில்லை. சாயலை மன்னிக்கலாம், சிதைவை மன்னிக்க முடியாது. ஜோதிபாலவையும் படித்தவர்கள் ஹிந்தி மெட்டுக்குச் சிங்களம் போட்டுப் பாடுகிறவர் என்று இறக்கித்தான் பேசினார்கள், அவர்கள் கொண்டாடிய சிங்களப் பாடகர் அமரதேவ பக்கத்தில் வைக்கவே மாட்டார்கள். ஆனால் கினிகத்தேனை வளைவுகளில் எஞ்சின் கத்தும்போது அந்த இரைச்சலைத் தாண்டி வருவது ஜோதிபாலதான். அமரதேவவை வீட்டில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இனி மோசமான குரல். இதில் பெயர் சொன்னால் அடி விழும் என்று தெரியும், ஆனாலும் எனக்குச் சொல்ல ஒரு பெயரும் இல்லை என்பதுதான் உண்மை. இளையராஜா பாடினால் மூக்கால் பாடுகிறார் என்பார்கள். காதல் பாட்டில் எனக்கும் அவர் வேண்டாம். ஆனால் நாயகனில் அந்தத் தென்பாண்டிச் சீமையை வேறு யாராவது பாடியிருந்தால் சும்மா தாலாட்டாகப் போயிருக்கும். சந்திரபாபு சுருதியை எங்கெங்கோ கொண்டுபோய் உடைப்பார், சின்ன வயதில் கொழும்பில் கேட்ட வெள்ளைக்காரப் பாட்டெல்லாம் தொண்டையில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. அந்த உடைசல்தான் அவர். 2011இல் தனுஷ் கொலவெறியைத் தூக்கக் கலக்கத்தில் எழுப்பிவிட்டுப் பாடச் சொன்ன மாதிரி பாடினார், உலகமே கேட்டது. அமெரிக்காவில் ஃப்ளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் என்று ஒரு அம்மா, சுருதி என்ன விலை என்று கேட்கிற ரகம். 1944இல் 76 வயதில் கார்னெகி ஹாலில் பாடினார், டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. சிரிக்கப் போனார்கள்தான், ஆனால் போனார்கள். எண்பது வருடம் கழித்து நுவரெலியாக் குளிரில் ஒருத்தன் அவர் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறான்.

மோசமான குரல் யாருடையது என்றே தெரியாத குரல். இப்போது வருகிற பாட்டுகளில் பாதிக்கு அந்த நோய். 1997இல் ஆட்டோடியூன் என்ற மென்பொருள் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டபிரண்ட் அதற்கு முன்னால் நிலத்துக்கு அடியில் எண்ணெய் எங்கே கிடக்கிறது என்று ஒலி அலைகளை வைத்துத் தேடுகிற துறையில் இருந்தவர். அந்தக் கணக்கைத் தொண்டைக்குத் திருப்பினார். சுருதி விலகிய இடத்தைக் கண்டுபிடித்து இழுத்து நிறுத்துகிற வேலைதான். அளவாகப் போட்டால் யாருக்கும் தெரியாது, தப்பும் இல்லை. நம்ம ஆட்கள் அளவாக எதைப் போட்டார்கள்? தேயிலை ஃபக்டரிச் சல்லடையில் அடித்த தூள் மாதிரி எல்லாக் குரலும் ஒரே சைஸ். எந்த மலைக் கொழுந்து என்று சொல்ல வழியில்லை.

உள்ளூர் நிலைமை இதைவிட மோசம். நுவரெலியா ஏப்ரல் சீசனில் மேடை போட்டுப் பாடுகிற பிள்ளைகளில் நல்ல குரல் எத்தனையோ உண்டு. ஆனால் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு எக்கோ பட்டனிலிருந்து கையெடுக்க மனம் வராது. ஒரு வரி முடியுமுன்னே முந்தின வரி எதிரொலித்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தம்பி, நம்ம ஊரில் மலையே எக்கோ கொடுக்கும். நீ வேறு எதற்கு?

2023இல் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குப் போனது நினைவிருக்கும். நம்ம ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருடம். முகநூல் முழுக்க அந்தப் பிள்ளையின் படம்தான். நாம் என்ன எழுதினோம்? லயம், வறுமை, அம்மாவின் கண்ணீர். அந்தப் பிள்ளை எந்தச் சுருதியில் பாடியது, மேலே போகும்போது குரல் எப்படித் திறந்தது, எங்கே மூச்சு எடுத்தது, ஒரு பதிவில் ஒரு வரி? நான் தேடித் தேடிப் பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளை என்றால் கதைக்குத்தான் கைதட்டு, குரலுக்கு இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

குரலை நம்பி வாழ்ந்த ஊர் இது. 1930களில் கோ. நடேசையரின் தொழிற்சங்கக் கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சியம்மாள், சனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் உரிமைப் பாட்டுகளைப் பாடுவார். தோட்டத்துத் துரைமார் தொழிலாளர் கூட்டம் போடவே இடம் கொடுக்காத காலம். மாசியில் தோட்டங்களில் ஆடுகிற, மன்மதன் எரிந்த கதையான காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். காமன் எரிந்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கிற கட்டம் வரும். ரதி வேடம் கட்டியவர் பெரும்பாலும் பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளை. கழுத்தில் துண்டைச் சுற்றி, கடைவாயில் மிளகை ஒதுக்கிக்கொண்டு, ஒரு கையைக் காதில் வைத்துப் பாடுவார். தப்பு மேளம் ஒரு பக்கம் அதிரும். விடியப்போகும், குரல் பாதி கட்டிப்போயிருக்கும். இனிமை என்று சொல்ல மருந்துக்கும் இருக்காது. ஆனால் கீழ் லயத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கிற கிழவிக்கு ரதி என்ன சொல்லி அழுகிறாள் என்று ஒவ்வொரு வரியும் கேட்கும்.

அந்தக் குரல்களை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஒழுங்கான ஒலிப்பதிவும் குறைவு. இந்த மாசிக்கு உங்கள் தோட்டத்தில் கூத்து இருந்தால், ரதி பாடுகிறவருக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் போனில் பதிவு செய்யுங்கள். பின்னணி இசை சேர்க்க வேண்டாம். முப்பது செக்கன் ரீல்ஸாக வெட்ட வேண்டாம். எக்கோ போடவே வேண்டாம்.

ஜானகி ரசிகர்கள் இந்நேரம் கமெண்டில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பீர்கள். வாருங்கள், பேசுவோம். யேசுதாஸ் ரசிகர்கள் மட்டும் அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள்.