நிறம் மாறுவதற்கு முன்னால்

ஊரில் எந்த நிலத்தில் எது வரலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் மாஸ்டர் பிளான் வரைபடம் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சள் குடியிருப்பு, சிவப்பு வணிகம், ஊதா தொழிற்சாலை, பச்சை வயலோ பூங்காவோ. சின்னப் பிள்ளை கலர் அடித்த மாதிரி இருக்கும். அதில் ஒரு துண்டு பச்சை மஞ்சளாகிறது என்று வையுங்கள். அன்றைக்கே அந்த நிலத்தின் விலை பல மடங்கு ஏறிவிடும். நிலத்துக்காரர் ஒரு செங்கல்கூட வைத்திருக்க மாட்டார். ஏறிய மதிப்பு ஊர்ப் பணத்தில் வந்தது: சாலை, குடிநீர்க் குழாய், பக்கத்தில் வரப்போகும் ரயில் நிலையம்.

நகரத் திட்டத்தைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே பெரிய சண்டை இதுதான். நிறத்தை முதலில் மாற்றிவிட்டு, எளியவர்களுக்கு வீடு எங்கே என்று அப்புறம் தேடுகிறோம். அதற்குள் நிலம் கை மாறி, புது விலைக்கு வாங்கியவர் கணக்குப் போட்டு முடித்திருப்பார். அவரிடம் போய் ‘இதில் கொஞ்சம் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள்’ என்றால் கட்டுப்படியாகாது என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. நிபந்தனையை நிலம் மலிவாக இருந்தபோதே போட்டிருக்க வேண்டும்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் இதைத்தான் செய்தார்கள். 2018-இல் கட்டட விதியைத் திருத்தி, மானிய வீட்டுவசதிக்கென்றே தனி நில வகைப்பாடு கொண்டுவந்தார்கள். புதிதாகக் குடியிருப்புக்கு மாற்றும் பெரிய மனைகளில், பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு தளப்பரப்பு மானிய வீடுகளுக்குப் போக வேண்டும். நிலம் வாங்குகிறவருக்கு இது முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ற விலைதான் கொடுப்பார். அந்த நகரத்து மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மாநகராட்சி வீடுகளிலோ மானிய வீடுகளிலோ குடியிருக்கிறார்கள். கூலிக்காரரும் பேராசிரியரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவது அங்கே செய்தி கிடையாது. நூறு வருடத்துக்கு முன்பே கட்டத் தொடங்கியதன் பலன்.

சிங்கப்பூர் இன்னும் முரட்டு வழியில் போனது. 1960-இல் வீட்டுவசதி வாரியம், 1966-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம். இன்று பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வாரியம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள், பெரும்பாலும் 99 வருடக் குத்தகையில். ஆனால் சந்தை விலையைவிடக் குறைந்த இழப்பீட்டுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களை மறந்துவிட்டு அதைப் புகழ எனக்கு மனம் வராது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது: அடுத்த ஐம்பது வருடத்தைப் பார்க்கும் ஒரு நீண்ட காலத் திட்டம், அதற்குக் கீழே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தும் மாஸ்டர் பிளான். தூரத்துப் பார்வையும் வேண்டும், தப்பாகப் போனால் திருத்த வழியும் வேண்டும்.

‘நிபந்தனை எல்லாம் எதற்கு, கட்ட விட்டாலே போதும்’ என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2016-இல் குடியிருப்பு நிலத்தில் முக்கால் பங்கில் கூடுதல் அடர்த்திக்கு அனுமதி கொடுத்தார்கள், வீடு கட்டுவது நன்றாகவே கூடியது. அடுக்குமாடி என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் பழையது. 1926-இல் ஓஹையோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனி வீட்டுப் பகுதியில் வரும் அடுக்குமாடியை ‘ஒட்டுண்ணி’ என்றே எழுதியது. அந்த வெறுப்பைச் சட்டமாக்கி நகரங்களைப் பரப்பிக்கொண்டே போனதில் நிலம்தான் வீணானது. அதனால் ரயில் நிலையத்தைச் சுற்றி எஃப்எஸ்ஐ-யை, அதாவது மனையின் அளவைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற வரம்பை, கூட்டுங்கள், தாராளமாக. கூட்டும் அதே ஆணையில் குறைந்த வாடகை வீடுகளுக்கான பங்கையும் எழுதுங்கள் என்கிறேன்.

இடையில் ஒரு புலம்பல்: பார்க்கிங். ஒரு காரை நிறுத்த, அது வந்து திரும்பும் வழியோடு சேர்த்தால், ஏறக்குறைய 300 சதுர அடி போகிறது. ஒரு சின்னக் குடும்பம் ஒண்டிக்கொள்ளும் இடம். வீட்டுக்கு இத்தனை கார் என்று விதி எழுதுகிற ஊர்கள், குறைந்த வாடகைக்கு இத்தனை வீடு என்று எழுதும்போது மட்டும் பேனாவை மூடிவிடுகின்றன.

எங்கே கட்டக் கூடாது என்பதும் வீட்டுவசதிக் கொள்கைதான். ஏரிக்கு ஓட்டு இல்லை. அதனால் வெள்ளம் தங்கும் தாழ்வான நிலம் முதலில் மஞ்சளாகிறது, மலிவு என்பதால் ஏழைகள் அங்கே போகிறார்கள். இல்லையென்றால் ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுப்பார்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பஸ்ஸுக்கும் பெட்ரோலுக்கும் கொடுக்க வேண்டியதுதான்.

ஒருமுறை இப்படியொரு வரைவுத் திட்டத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்காரர்கள், நிலத்துக்காரர்கள், கட்டுநர்கள். தப்பில்லை, அவரவர் சொத்து. என் கண்ணில் பட்டவரை, வாடகைக்கு இருப்பவன் நான் ஒருவன்தான். அந்தத் திட்டம் முடியும் வருடத்தில் வீடு தேடப்போகிறவர் அன்றைக்கு எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பார், அவரை யார் கூப்பிடுவது? என் முறை வந்தபோது, நிலையத்தை ஒட்டிய அந்தப் புது மஞ்சளில் குறைந்த வாடகை வீடுகள் எத்தனை என்று கேட்டேன். மேடையில் இருந்தவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

“அதெல்லாம் இந்தக் கட்டத்தில் வராது சார். அப்புறம் பார்த்துக்கலாம்.”