ரீகண்டிஷன் காருக்கு இல்லாத வெட்கம் பாவித்த போனுக்கு ஏன்?

தங்கச்சியின் மகள், என் மருமகளுக்குப் போன் வாங்க வேண்டி வந்தது. திருகோணமலை நிலாவெளி வீதியில் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். விரிவுரைக் குறிப்பு, ஒப்படை, வகுப்பின் வாட்ஸ்அப் குழு எல்லாம் போனில்தான். கையில் இருந்தது ஒரு இலட்சம் ரூபாய். "அந்தக் காசுக்குப் பாவித்த பிளாக்ஷிப் ஒன்றை எடுப்போம்" என்றேன். பிளாக்ஷிப் என்றால் ஒரு நிறுவனத்தின் உயர்தரப் போன். தங்கச்சியின் முகம் வாடிவிட்டது. "யாரோ பாவித்துக் கழித்ததையா அண்ணா பிள்ளையின் கையில் கொடுப்பது?"

அவளுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். இதே கேள்வியை இன்னும் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்த காரை ரீகண்டிஷன் என்று பெருமையோடு வாங்குகிறோம். கோவிலடியில் நிறுத்தி, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து ஓட்டுகிறோம். நம் கடற்கரையில் கைமாறிய படகு எஞ்சினை வாங்கும் மீனவர் அதன் சத்தத்தைக் கேட்டே இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்று சொல்லிவிடுவார். போன் என்றதும் மட்டும் பெட்டியின் ஒட்டுக் கழலாமல் இருக்க வேண்டும் என்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

விலை குறைந்த புதுப் போன்கள் பலவற்றின் பின்பக்கத்தில் மூன்று கமராக்கள் இருக்கும். உண்மையில் வேலை செய்வது ஒன்றுதான். மற்றவை மிக அருகிலிருந்து படம் எடுக்கும் 2 மெகாபிக்சல் மக்ரோவும் ஆழம் அளக்கும் கமராவும். எண்ணிக்கையைக் காட்டுவதற்காக வைத்தவை என்றே நான் சொல்வேன். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஓ.ஐ.எஸ். பெரும்பாலும் இருக்காது. டச்சு வளைகுடாக் கரையில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கடலும் வானும் ஒரே சேறாகத் தெரியும். மூன்று வருடப் பழைய பிளாக்ஷிப்பில் நல்ல லென்சும் ஓ.ஐ.எஸ்ஸும் வேகமான சேமிப்பும் கண்ணாடியும் உலோகமுமான உடலும் இருக்கின்றன. இவை காலம் போவதால் கெட்டுப்போகும் பொருட்கள் அல்ல. விலை மட்டும்தான் இறங்கியிருக்கிறது.

2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 350ஐயும் தாண்டியது. 2024 ஜனவரியிலிருந்து போனுக்கும் 18 வீத வற் வரி. புதுப் பெட்டிக்கு நாம் கொடுக்கும் காசில் எவ்வளவு போனுக்குப் போகிறது என்று யோசியுங்கள்.

ஆனால் பழைய பிளாக்ஷிப் எல்லாம் ஒன்றல்ல. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கடைக்காரர் "சாம்சங் எஸ் வரிசை" என்றதும் தலையாட்டிவிடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம் வரை என்பது. வங்கிச் செயலி வைத்திருக்கிற எவரும் இதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. சாம்சங் எஸ்22, 2022 பெப்ரவரியில் வந்தது. ஐந்து வருடப் பாதுகாப்பு, அதாவது 2027 வரை. எஸ்23க்கு 2028 வரை. 2024இல் வந்த எஸ்24க்கு ஏழு வருடம். அப்பிள் இப்படி ஒரு கணக்கைப் பெரிதாக விளம்பரப்படுத்துவதில்லை. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்.எஸ், எக்ஸ்.ஆர் இரண்டும் 2025இன் ஐபோன் மென்பொருளான ஐ.ஓ.எஸ். 26ஐப் பெறவில்லை, 2019இன் ஐபோன் 11 பெற்றது. போனின் விலையை மிஞ்சியிருக்கும் வருடங்களால் வகுத்துப் பார்த்தால், மலிவு என்று நினைத்த பல போன்கள் மலிவாக இருக்காது.

அடுத்தது சூடு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம் ஊரில் மேசையில் கிடக்கிற போனே சுடுகிறது. 2021, 2022இன் பல பிளாக்ஷிப்களில் இருந்த ஸ்னப்ட்ராகன் 888, 8 ஜென் 1 என்ற சிப்கள் இரண்டும் சூட்டுக்குப் பெயர் போனவை. எஸ்23க்குள் இருப்பது டைவானின் ரி.எஸ்.எம்.சி. நிறுவனம் தயாரித்த 8 ஜென் 2 சிப், மிகவும் குளிர்ச்சியானது. எஸ்22ஐ விட்டு எஸ்23ஐத் தேடியதற்கு இதுதான் பெரிய காரணம். குறைந்த காசுக்குத் தங்கச்சி சீட்டுக் காசில் கொஞ்சம் சேர்த்தாள்.

பற்றரி தேய்ந்துதான் இருக்கும். ஐபோன் 14 வரையான போன்களின் பற்றரி 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு 80 வீதம் தாங்கும்படி செய்யப்பட்டது என்று அப்பிளே சொல்கிறது. தினமும் சார்ஜ் போட்டால் ஒன்றரை வருடம் போதும். ஆகவே நல்ல பற்றரி மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அதற்காகப் போனையே ஒதுக்க வேண்டியதில்லை.

உப்புக் காற்றைப் பற்றி நொந்துதான் அறிந்தேன். முன்பு ஒரு கடையில் கீறல்கூட இல்லாத போன் ஒன்றை வாங்கினேன். மூன்றாம் மாதம் சார்ஜ் ஏறவில்லை. திருத்துகிற பையன் சார்ஜ் வாய்க்குள் பச்சை பூத்திருந்ததைக் காட்டினான். அன்றிலிருந்து ரோர்ச் அடித்து அந்த வாயைப் பார்க்காமல் எந்தப் போனுக்கும் விலை பேசுவதில்லை. சிம் தட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு வெள்ளை அடையாளம் தெரியும். அது சிவந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான ஐ.பி.68 என்ற எழுத்தை நம்பி யாரும் உப்புவெளியில் போனோடு கடலில் இறங்காதீர்கள். அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. ஒருமுறை திறந்து ஒட்டிய போனுக்கு அதுவும் செல்லாது.

எல்லோருக்கும் பழையதையே வாங்கு என்று சொல்லவில்லை. என் அம்மாவுக்கு நான் எடுத்தது புதிய, விலை குறைந்த போன்தான். வீடியோ அழைப்பு, பக்திப் பாட்டு, அவ்வளவுதான் அவரின் தேவை. பற்றரி இரண்டு நாள் நிற்கிறது. கெலக்ஸி ஏ16 போன்ற புதுப் போன்களுக்கு இப்போது ஆறு வருட அப்டேட்டும் கொடுக்கிறார்கள், அது நல்ல விடயம். ஆனால் படிக்கிற, படம் எடுக்கிற, ஒரே நேரத்தில் பத்துச் செயலி திறக்கிற பிள்ளைக்கு அந்தச் சிப் மூன்றாம் வருடமே மூச்சுவாங்கும்.

மருமகள் இப்போது அந்த எஸ்23ஐத்தான் வைத்திருக்கிறாள். போன பௌர்ணமிக்குக் கோணேசர் மலையிலிருந்து அவள் எடுத்த கடற்படத்தைத் தங்கச்சி தன் வாட்ஸ்அப் முகப்பில் போட்டிருக்கிறாள்.

திருகோணமலையில் யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால், காசு கொடுக்கும் முன் *#06# அடித்து ஐ.எம்.ஈ.ஐ. என்ற, போனின் அடையாள இலக்கத்தை எடுங்கள். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் IMEI என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். பழைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கு உங்கள் கண் முன்னால் நீக்கப்பட வேண்டும். "வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம்" என்று கடைக்காரர் சொன்னால் போனை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் போனின் மாதிரியையும் விலையையும் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.