பி.எம்.ஐ. 25-க்குக் கீழே என்றால் சர்க்கரை வராதா?

"பி.எம்.ஐ. 25-க்குள்ள இருந்தா சுகர் வராது, டெஸ்ட் எல்லாம் வீண் செலவு" என்று இந்தக் குழுவில் காட்பாடி அண்ணன் ஒருவர் தன் உயரம், எடையோடு எழுதியிருக்கிறார். (பி.எம்.ஐ. என்பது கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்.) தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, அது சரியில்லை.

25 என்பது அதிக எடைக்கு உலகத்துக்குப் பொதுவாக வைத்த கோடு. இந்தியர்களுக்கு 23-லிருந்தே அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன் என்றுதான் இங்கே கணக்கு. நீங்க சொன்ன 165 செ.மீ., 64 கிலோவுக்கு 23.5 வருது. கோட்டைத் தாண்டியாச்சு!

கை கால் ஒல்லியாக இருந்தாலும் நமக்குக் கொழுப்பு வயிற்றில் சேரும்; சுகர் ஆபத்தைக் கூட்டுவதும் அதுதான். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யட்கினும் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

அதுக்காக பி.எம்.ஐ.யே ஏமாற்று என்று இன்னொருவர் சொல்வதும் ஓவர். ஆயிரம் பேரைச் சட்டென்று பார்க்க அது மலிவான வழி. தனி ஆளிடம்தான் தடுமாறும். நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே எண் வரலாம். தசையா தொப்பையா என்று அதுக்குத் தெரியாது.

டேப் எடுத்து வயிற்றுச் சுற்றளவும் பாருங்க: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80-க்குள் இருக்கணும். பேன்ட் சைஸை நம்பாதீங்க, நாம தொப்பைக்குக் கீழேதானே கட்டுறோம். அப்பாவுக்குச் சுகர் இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வீண் செலவுன்னு சொன்ன அந்த ரத்தப் பரிசோதனையை இந்த மாசமே பண்ணிடுங்க.